மூன்றாவது பத்தி: பழைய இந்திக் காதல் படங்களைப் பார்க்க ஒரு முறை

படம் தொடங்குவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குட்டையும் தேவைப்படும், ஆனால் நோட்டு முக்கியம். பக்கத்தை நீளவாக்கில் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியின் தலைப்பு ‘யாருக்குத் தெரியும்’, அதாவது படத்தில் ஒளிந்திருக்கும் காதல். அடுத்தது ‘யாருக்குத் தெரியாது’. மூன்றாவது ‘யாரைக் கேட்டார்கள்’, அதாவது விட்டுக்கொடுக்கும் முன் யாருடைய விருப்பத்தை. படம் முடிவதற்குள் முதல் இரண்டும் அடித்தும் திருத்தியும் நிரம்பிவிடும். மூன்றாவது அநேகமாகக் காலியாகவே கிடக்கும்.

நான் சினிமா விமரிசகி அல்ல. 31 வருடம் வீட்டுத் திண்ணையில் இந்தி வகுப்பு எடுத்தவள். இந்தி பிரசார சபைத் தேர்வுகளுக்கு, பிராத்மிக்கில் தொடங்கிப் பிரவீண் வரை. பாடப்புத்தக இந்தி மட்டும் போதாது, பேசும் இந்தி காதில் விழ வேண்டும் என்று மாணவிகளை உட்காரவைத்துத் தூர்தர்ஷனில் வரும் பழைய படங்களைப் பார்க்கவைப்பேன். அவர்கள் அழுவார்கள். நான் இலக்கணம் கேட்பேன். ‘இந்த வாக்கியத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது?’ வருடக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நாள் உறைத்தது. ‘அவன் தன் காதலை நண்பனுக்காகத் தியாகம் செய்தான்’ என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்கிறோமே, அதில் எழுவாய் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். செயப்படுபொருள் ‘காதல்’ என்கிறோம். கைமாறுவது ஒரு பெண். அவளுக்கு அந்த வாக்கியத்தில் உட்கார இடமே இல்லை.

இந்தியில் எழுவாயோடு ஒட்டும் ‘நே’ என்ற உருபைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். இறந்தகால வாக்கியத்தில் ‘நே’ வந்துவிட்டால் வினைமுற்று எழுவாயைத் திரும்பிப் பார்க்காது. செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் பார்த்துத்தான் மாறும். ராம் ரொட்டி தின்றால்கூட வினை ரொட்டிக்கு இசைந்து பெண்பாலாகிவிடும். என் மாணவிகள் வரிசையாக மதிப்பெண் கோட்டைவிட்ட இடம் அது. அந்த மொழியின் இலக்கணத்துக்கு இருந்த மரியாதை அதன் திரைக்கதைகளுக்கு இல்லையே என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை.

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டால் எல்லோரும் ‘தேவதாஸ்’ என்பார்கள். வேண்டாம். 1955-இல் பிமல் ராய் எடுத்தது அருமையான படம்தான். திலீப்குமார் அதில் குடித்துக் கரைவது போல இன்னொருவர் கரைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தேவதாஸ் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுப்பவன் அல்லன். துணிச்சல் இல்லாமல் கைநழுவவிட்டுவிட்டுப் பிறகு அதற்காகச் சாகிறவன். அந்தப் படத்தை, அவனை நேசிக்கும் தாசி சந்திரமுகிக்காகப் பின்னால் ஒரு நாள் பாருங்கள். அந்த வேடத்துக்காகத் துணை நடிகை என்று ஃபிலிம்பேர் விருது கொடுத்தபோது, தேவதாஸின் காதலி பார்வதிக்கு இணையான வேடம் இது என்று சொல்லி வைஜயந்திமாலா வாங்க மறுத்துவிட்டார். எனக்குப் பிடித்த மறுப்புகளில் ஒன்று.

நமக்கு முன்பே தெரிந்த கதையில் தொடங்குவதுதான் சுலபம். ‘தில் ஏக் மந்திர்’ (1963). ஸ்ரீதர் தம்முடைய ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தை மறு வருடமே தாமே இந்தியில் எடுத்தார். இந்திப் படங்களின் தியாகத்தைப் பற்றிப் பேசும்போது அதில் கணிசமான சரக்கு சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போனது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘எதிர்பாராதது’ (1954) அங்கே ‘சாரதா’ (1957) ஆயிற்று. காதலனின் தந்தைக்கே மனைவியாகி வந்து நிற்கும் பெண்ணின் கதை. ‘கல்யாண பரிசு’ (1959) ‘நஸ்ரானா’ (1961) ஆயிற்று. மூன்றும் ஸ்ரீதரின் கதைகள். தியாகம் என்ற வியாபாரத்தில் நம் கையும் சுத்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நோட்டைத் திறங்கள். சீதா, அவள் கணவர் ராம், டாக்டர் தர்மேஷ். மீனாகுமாரி, ராஜ்குமார், ராஜேந்திரகுமார். கணவருக்குப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியவர் சீதாவின் பழைய காதலர். தொடக்கத்தில் சீதாவும் டாக்டரும் முதல் பத்தியில், ராம் இரண்டாவதில். சிறிது நேரத்தில் ராமுக்கு விஷயம் தெரிந்துவிடும். அவர் பெயரை அடித்து முதல் பத்திக்கு மாற்றுங்கள். இப்போது அந்தக் காட்சி வருகிறது. ‘நான் பிழைக்காவிட்டால் நீ டாக்டரைத் திருமணம் செய்துகொள்’ என்று மனைவியிடம் சொல்கிறார். எல்லோரும் உருகும் இடம். இங்கே படத்தை நிறுத்துங்கள்.

ராம் நல்லவர். அவருடைய பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டாரா, சொன்னாரா? சொன்னார். சீதாவின் பதில் பாட்டாக வருகிறது. ஹஸ்ரத் ஜெய்ப்பூரி எழுதி லதா பாடியது. உன் அன்பில் உலகத்தையே தொலைத்துவிட்டு நிற்கிறேன், நீயோ மறந்துவிடச் சொல்கிறாய் என்பது அதன் பொருள். தமிழில் கண்ணதாசன் அதே இடத்தில் வைத்தது ‘சொன்னது நீதானா’ என்ற கேள்வி. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இந்திப் பாட்டு தன் வலியை எடுத்துச் சொல்லி மன்றாடுகிறது. தமிழ்ப் பாட்டு ஆளை நிறுத்திவைத்து விசாரிக்கிறது; எழுவாயைத் தேடிப் பிடிக்கிறது. சீதா பெயரை மூன்றாவது பத்தியில் எழுத முடியாது. ஓரத்தில் இப்படி எழுதினேன்: ‘இவளைக் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.’

அடுத்த படத்துக்குப் போகும் முன் நாலு சொல் தெரிந்துகொள்ளுங்கள். கீழே ஓடும் வசன வரிகளை நம்பாதீர்கள்; அவசரத்தில் எதையாவது போட்டு நிரப்பிவிடும். காதால் பிடிக்க வேண்டும். ‘அமானத்’ என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள், பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டியது. ‘பராயா தன்’ என்றால் பிறர் சொத்து. பிறந்த வீட்டில் மகளைப் பற்றிச் சொல்வது. இரண்டுமே பெட்டியில் வைத்துப் பூட்டும் சாமான்களுக்கான சொற்கள். படத்தில் ஒரு பெண்ணைக் குறித்து இவற்றில் ஒன்று காதில் விழுந்தால் நோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். ‘மஜ்பூரி’ என்றால் வேறு வழியில்லாமை. இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான சக்தி உண்டு. இதைச் சொன்ன பிறகு எதிரே இருப்பவர் ‘என்ன மஜ்பூரி?’ என்று கேட்கவே மாட்டார். கேட்டிருந்தால் பாதிப் படங்கள் இடைவேளையோடு முடிந்திருக்கும். கடைசியாக, ‘பேவஃபா’. அன்புக்குத் துரோகம் செய்தவர். தவறே செய்யாதவர் மேல்தான் இது விழும், ஏனென்றால் உண்மை தெரிந்தவர் வாயைத் திறந்தால் தியாகம் கெட்டுவிடும்.

இடத்தையும் கவனியுங்கள். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று தனியே ஒரு திணை வகுத்த தொல்காப்பியர் அதற்கு நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சிக்கு மலை, நெய்தலுக்குக் கடற்கரை, கைக்கிளைக்கு ஒன்றுமில்லை. பம்பாய்க்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதல் நிலம் பியானோ. பணக்கார வீட்டுக் கூடத்தில் பியானோ கண்ணில் பட்டால் யாருக்கோ நெஞ்சு உடையப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ‘அந்தாஸ்’ (1949) படத்தில் திலீப்குமார் உட்காருவார், ‘சங்க’த்தில் ராஜ்கபூர். தனியாக இருக்கும்போது சொல்லத் துணியாததை ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் பாடிவிடுவார்கள். புரிய வேண்டியவருக்கு மட்டும் அது புரியும். இரண்டாவது நிலம் படகு. ‘தில் அப்னா அவுர் ப்ரீத் பராயீ’ (1960) படத்தில் நர்ஸ் மீனாகுமாரி நேசித்த டாக்டர் வேறொருத்தியைத் திருமணம் செய்துகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்க, படகு விருந்தில் ஷைலேந்திராவின் ‘அஜீப் தாஸ்தான்’ பாட்டை அவள் பாட வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டே பாடுகிறாள். அந்தச் சிரிப்பை மட்டும் பாருங்கள், நடனம் ஆடுபவர்களை விட்டுவிடுங்கள். மூன்றாவது நிலம் ஆஸ்பத்திரி வராந்தா. பிறருக்காக ஓடுவதே வேலையாக இருப்பவர்கள் தம் ஆசையை ஒளித்துக்கொள்ள வெள்ளை உடுப்பு வசதியாக இருக்கிறது போலும்.

பாட்டு வந்தால் தாண்டிப் போகாதீர்கள். வசனத்தில் ஊமையாக இருப்பவர்களுக்கு அங்கேதான் வாய் இருக்கிறது. சில சமயம் அது அவர்களுடைய வாயாகக்கூட இருக்காது. ‘ப்யாஸா’ (1957) படத்தில் தெருவில் ஒரு பெண் கண்ணனை நினைத்துக் கீர்த்தனம் பாடுகிறாள். கீதா தத்தின் குரல். அதைக் கேட்டபடி மாடிப்படி ஏறி வரும் வஹீதா ரஹ்மான், முதுகைக் காட்டி நிற்கும் குருதத்தின் அருகே வருகிறார். தொடப்போகிறார், தொடவில்லை. திரும்பிவிடுகிறார். குருதத்துக்கு இது எதுவுமே தெரியாது. கேமரா பிடித்தவர் மைசூர்க்காரரான வி.கே. மூர்த்தி. ஒரு சொல் வசனம் கிடையாது, ஆனால் நோட்டில் இரண்டு பத்தியும் எழுதி முடித்துவிடலாம்.

இனி பெரிய படம். ‘சங்கம்’ (1964) கிட்டத்தட்ட 4 மணி நேரம்; தியேட்டரில் இரண்டு இடைவேளை விட்ட படம். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். கல்யாணம் வரை ஒரு நாள், ஐரோப்பாத் தேனிலவு மறுநாள். கோபால் ராதாவை நேசிக்கிறான்; ராதாவும் கோபாலைத்தான் நேசிக்கிறாள். சுந்தர் அவளைத் தன்னுடையவள் என்று தானாகவே தீர்மானித்துக்கொண்டவன். ராதா குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் துணியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, சங்கமம் உண்டா இல்லையா, சொல் என்று பாடுகிறான். இல்லை என்கிறாள். மறுபடி கேட்கிறான். மறுபடி இல்லை. துணி அவன் கையில் இருக்கிறது. கடைசியில் ‘உண்டு’ என்று கத்துகிறாள். சிறு வயதில் இந்தப் பாட்டை ரேடியோவில் கேட்டு நான் ஆடியிருக்கிறேன். நோட்டு வந்த பிறகு மூன்றாவது பத்தியில் ‘ராதா’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இது கேட்டதில் சேருமா?

சுந்தர் விமானப்படைக்குப் போகிறான். போகும் முன் நண்பனிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறான், ராதாவுக்கும் தனக்கும் இடையில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது. கோபாலும் ராதாவும் நெருங்குகிறார்கள். சுந்தர் உயிரோடு திரும்பி வருகிறான். கோபால் ஒதுங்கிக்கொள்கிறான். ஒதுங்குவதை அவனே முடிவு செய்கிறான், ராதாவுக்கும் சேர்த்து. ராதாவுக்கும் சுந்தருக்கும் கல்யாணம் ஆகிறது. இதற்குப் பிறகு மனிதர்களை விட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பின்தொடருங்கள். கோபால் எழுதிய, கையெழுத்துப் போடாத காதல் கடிதம் எங்கே போகிறது, யார் கையில் எப்போது சிக்குகிறது என்று பார்த்தால் படத்தின் இரண்டாம் பாதி முழுவதும் பிடிபட்டுவிடும். எழுதியவன் பெயர் இல்லை. படித்த சுந்தருக்குச் சந்தேகம் ராதா மேல். முடிவில் இரு நண்பர்களையும் நிற்கவைத்து அவள் வெடிக்கிறாள். அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிவையுங்கள். ஆனால் கதை அவளுக்குப் பதில் சொல்ல நிற்பதில்லை. கோபால் தன்னைச் சுட்டுக்கொள்கிறான், எல்லோரும் அவனைச் சுற்றி அழுகிறார்கள்.

கையெழுத்து என்றதும் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு தங்கைகள். 1962-இல் பெரிய சித்திக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகத்தோடு மாப்பிள்ளை தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதியிருந்தார். சின்ன சித்தி அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாளாம். தங்கைக்கு அவர்மேல் ஆசை வந்துவிட்டது என்று பெரிய சித்தி முடிவு கட்டிவிட்டாள். தனக்கு வேண்டாம், தங்கைக்கே செய்யுங்கள் என்று பிடிவாதமாக நின்றாள். ‘கல்யாண பரிசு’ வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. படத்தில் தங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுப்பாள், எங்கள் வீட்டில் அக்கா தங்கைக்கு. ஊரே மெச்சியது. பெரிய சித்தி கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. எந்த விசேஷத்திலும் அவளுக்குத்தான் முதல் தாம்பூலம்.

சித்தப்பா 2009-இல் காலமானார். அதன் பிறகு சின்ன சித்தி என்னோடு வந்து இருந்தாள். மாலையில் இருவரும் படம் பார்ப்போம். ‘நஸ்ரானா’ ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “நான் அவர் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.”

47 வருடக் குடித்தனம். சித்தப்பா தங்கமானவர். அவள் குறையாகவும் சொல்லவில்லை. நான்தான் அன்று ராத்திரி நோட்டில் மூன்றாவது பத்தியைச் சேர்த்தேன். அதுவரை என் நோட்டில் இரண்டு பத்திதான் இருந்தது.

அடுத்து ‘காமோஷி’. எங்கும் வண்ணம் வந்துவிட்ட பிறகும் அசித் சென் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு வங்காளத்தில் சுசித்ரா சென்னை வைத்து அவரே எடுத்த ‘தீப் ஜ்வேலே ஜாய்’ படத்தின் மறு வடிவம். காதலில் ஏமாந்து மனநிலை பிறழ்ந்தவர்களுக்கு ஒரு சோதனைச் சிகிச்சை. நர்ஸ் ராதா அந்த நோயாளியைக் காதலிப்பது போல நடந்துகொள்ள வேண்டும். முதல் நோயாளி தேவ் குணமாகி வேறு பெண்ணைத் தேடிப் போய்விடுகிறான். இவள் நடிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. தேவாக வரும் தர்மேந்திராவின் முகத்தை ‘தும் புகார் லோ’ பாட்டில் தேடிப் பாருங்கள். முதுகும் நிழலும்தான் பெரும்பாலும் கிடைக்கும். பாடியவர் இசையமைத்த ஹேமந்த் குமாரே. பிறகு இரண்டாவது நோயாளியாக ராஜேஷ் கன்னா. முதலில் ராதா மறுக்கிறாள். இது முக்கியம், மூன்றாவது பத்தியில் எழுதுங்கள்: கேட்டார்கள், மறுத்தாள். அப்புறம் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். நோயாளி தேறுகிறான். நர்ஸ் அதே ஆஸ்பத்திரியின் அறைக்குள் நோயாளியாகப் போய்க் கதவு சாத்தப்படுகிறது. தியாகத்துக்குச் சிலை வைக்காமல், அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டிய இந்திப் படம் என்று இதைத்தான் சொல்வேன். இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம்.

‘முகத்தர் கா சிக்கந்தர்’ (1978) பார்க்கலாமா என்று கேட்பார்கள். பாருங்கள், பாட்டுகளுக்காகவும் ரேகாவுக்காகவும். தேவதாஸ் கதைக்குச் சண்டைக் காட்சி சேர்த்தது போல இருக்கும். நோட்டு எழுத வேலையில்லை. ராக்கி ஏற்ற காம்னாவுக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

‘தீஸ்ரீ கசம்’ (1966) வேறு ரகம். பணீஷ்வர்நாத் ரேணுவின் கதை. பாடலாசிரியர் ஷைலேந்திரா தாமே தயாரித்தது. அந்த வருட டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். மாட்டுவண்டிக்காரன் ஹிராமன், நௌட்டங்கி என்ற நாட்டுப்புற நாடகத்தின் நடிகை ஹீராபாய். தன்னைத் தேவதை போல நினைத்துக்கொண்டிருப்பவனின் நினைப்பைக் கெடுக்க மனமில்லாமல் அவள் ரயிலேறிவிடுகிறாள். இங்கே விட்டுப் போவது பெண், கேட்கப்படாதவன் ஆண். இனி நௌட்டங்கிப் பெண்ணை வண்டியில் ஏற்றுவதில்லை என்று அவன் மூன்றாவது சத்தியம் செய்கிறான். மூன்றாவது பத்தி பெண்களுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்ததை இந்தப் படம் திருத்தியது.

‘பந்தினி’யை (1963) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி பிமல் ராய். சிறையில் இருக்கும் கல்யாணியாக நூதன். சிறை டாக்டர் தேவேனாகத் தர்மேந்திரா. அவர் அவளை மணக்க விரும்புகிறார். நேரடியாகக் கேட்கிறார். முதலில் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. விடுதலையாகி அவர் வீட்டுக்குப் புறப்படும் வழியில், படகுத்துறையில் ஓர் இருமல் சத்தம். பல வருடம் முன்பு அவளை விட்டுவிட்டுப் போன விகாஷ், அசோக்குமார், காசநோயோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஸ்டீமர், அவளுக்கு ரயில். இரண்டும் கிளம்பப்போகின்றன. எஸ்.டி. பர்மனின் குரல் எங்கிருந்தோ வருகிறது, அக்கரையில் இருக்கிறான் என் ஆள் என்று. அவள் எடுக்கும் முடிவு சரியா என்று என் மாணவிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள். நல்ல டாக்டரை விட்டுவிட்டு ஏமாற்றிப் போனவனிடம் போவதா? நானும் ஒரு காலத்தில் டாக்டர் கட்சிதான்.

சின்ன சித்தியோடு பார்த்தபோது கப்பலில் ஏறும் பலகையை எடுக்கப்போகும் நேரத்தில் நூதன் ஸ்டீமரை நோக்கி ஓடினார். சித்தி நோட்டை என் மடியிலிருந்து எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

“இவளை யாரடி கேட்டார்கள்?”

“டாக்டர் கேட்டார், சித்தி. கடைசியில் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “அந்த ஓடுகிற இடத்தை மறுபடி போடு.”